மீமிசல் குட்டையும் அண்ணி வளர்த்த கிருமிகளும்

என் செல்லக் கோபக்கார அந்தோணி அண்ணே,

அங்கே கை கழுவச் சோப்பு கிடைக்கிறதா? இல்லையென்றால் வாசலிலேயே நின்று தகராறு பண்ணிக்கொண்டிருப்பாய் என்று அண்ணிக்குக் கவலை.

நீ போன பிறகு இறால் குட்டையை விற்றுவிடும்படி எல்லோரும் சொன்னார்கள். அண்ணி கேட்கவில்லை. "அவுக விட்ட குஞ்சு தண்ணிக்குள்ள கெடக்கு. அது வளந்து வரட்டும்" என்றார். நானும் புதுக்கோட்டைக் கல்லூரியில் விடுப்புச் சொல்லிவிட்டு மீமிசல் வந்துவிட்டேன். கடல் நுண்ணுயிர்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறவளுக்குக் குட்டையும் தெரியும் என்று அண்ணி நம்பினார். உண்மையில் நான் இறாலைத் தட்டில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "ஊரு ஒலகமே கிருமியக் கொல்லப் படிக்குது, எந் தங்கச்சி மட்டும் வளக்கப் படிக்கிறா." அந்த மாப்பிள்ளை காப்பியைக்கூடத் தொடவில்லை.

ஒரு நாள் காலையில் குட்டைக்குப் போனால், இறால்கள் தண்ணீருக்கு மேலே வந்து தத்தளித்தன. சோதனைக் குப்பியில் தண்ணீர் எடுத்து மருந்து விட்டேன். மஞ்சளாக இருக்க வேண்டியது கரும்பச்சையாகிவிட்டது. தின்னாமல் விட்ட தீவனமும் இறாலின் கழிவும் அடியில் அழுகி, அமோனியா ஏறியிருந்தது. திரும்பிப் பார்த்தால் அண்ணி பிளீச்சிங் பவுடர் மூட்டையை இழுத்துக்கொண்டு வருகிறார். எதற்கெடுத்தாலும் கிருமியைக் கொல்லக் கிளம்பும் உன் பெண்டாட்டி அல்லவா?

மூட்டையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். "அண்ணி, இதப் போட்டா எறாலும் சேந்து செத்துரும். கிருமியக் கொல்லக் கூடாது, வளக்கணும்."

"ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"கடல்ல எம்புட்டு மீனு சாகுது, எம்புட்டுக் கழிவு விழுது! யாரு போயிக் கூட்டிப் பெருக்குறா? எல்லாம் இந்தக் கிருமிகதான். அழுகுறதத் தின்னு பாசிக்கு உரமாக்கும். பாசியப் பூச்சி திங்கும், பூச்சிய மீனு திங்கும்."

"படகுத்தொறையில டீசல் மெதக்குதே, அதயுமா?"

"அதத் திங்கிறதும் இருக்கு அண்ணி. மெதுவாத் திங்கும்."

அண்ணி மூட்டையை விட்டுவிட்டார். "டீசலயா? ஒங்க அண்ணன் ரசத்துல உப்புக் கூடுனாலே தட்டத் தள்ளிருவாக."

தீவனத்தைக் குறைத்தோம். தண்ணீரில் காற்றைக் கலக்கும் சக்கரங்களை நிறுத்தாமல் ஓட்டினோம். கடையில் வாங்கிய நுண்ணுயிர்ப் பொடி, தவிடு, வெல்லம் மூன்றையும் ஒரு டிரம்மில் கரைத்துப் புளிக்க வைத்தோம். வெல்லத்தின் பலத்தில்தான் அதுகள் பெருகி அமோனியாவை இழுத்துக்கொள்ளும். ஆனால் அந்த வாடை! ரோட்டில் போனவர்கள் வண்டியை நிறுத்தி, "என்னங்க, சாராயம் காய்ச்சுறீங்களா?" என்று கேட்டார்கள்.

அன்றைக்கு என்று பார்த்துக் குட்டையை மந்திரிக்கப் பங்குச் சாமியார் வந்தார். டிரம் மூடியை இறுக்கக் கூடாது, உள்ளே வாயு சேரும் என்று அண்ணியிடம் சொல்லியிருந்தேன். வாடையில் மானம் போகக் கூடாது என்று அண்ணி இறுக்கி மூடி, மேலே கல்லும் வைத்திருந்தார். சாமியார் கையை உயர்த்தி "பிதா, சுதன்" என்று தொடங்கியதும் டமார்! கல் ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம். வெள்ளை அங்கி முழுக்கத் தவிடு.

நான் மண்டி போடலாமா ஓடலாமா என்று நின்றேன். அண்ணிதான் முந்தானையோடு பாய்ந்தார். "பயப்படாதீங்க சாமி! எல்லாம் நல்ல கிருமி! நானே வெல்லம் போட்டு வளத்தது!"

சாமியார் உதட்டைத் துடைத்தார். "இனிப்பாத்தாம்மா இருக்கு" என்றார்.

நீ போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் சிரித்தது அன்றுதான் அண்ணே. சிரித்துச் சிரித்து அண்ணிக்கு அழுகை வந்துவிட்டது. டிரம்மில் மிச்சமிருந்ததைச் சாமியாரே குட்டையில் ஊற்றி, ஜெபத்தை முடித்துவிட்டுப் போனார்.

அமோனியா இறங்கியது, ஆனால் அதிலிருந்து பிறக்கும் நைட்ரைட் ஏறியது; அதுவும் இறாலுக்கு விஷம்தான். ஒரு கூட்டம் மிச்சம் வைத்ததை இன்னொரு கூட்டம் தின்ன வேண்டும். முதல் பந்தி எழுந்தும் அடுத்த பந்திக்காரர்கள் வந்து சேரவில்லை. அண்ணி கரையில் நின்று, "எந்திரிச்சு வாங்கடா சோம்பேறிகளா!" என்று தண்ணீரைத் திட்டினார். மெல்ல அதுவும் இறங்கியது. கொஞ்சம் இறால் போய்விட்டது. மிச்சம் நன்றாகவே வளர்ந்தது; பிடித்து விற்பனைக்கு அனுப்பிவிட்டோம்.

குட்டைக் கழிவுநீரை நேரே ஓடையில் திறந்துவிடுவதில்லை இப்போது. பக்கத்துக் காலிக் குட்டையில் தேக்கி, கிருமியும் பாசியும் வேலையை முடித்த பிறகே கடலுக்கு விடுகிறோம். கழிவுநீரை ஓடையில் விட்டதற்காக உன்னோடு சண்டை போட்ட மீன்காரர்கள், அந்தக் குட்டையில் வளரும் மடவை மீனுக்காக இப்போது தங்களுக்குள் சண்டை போடுகிறார்கள்.

கல்லறைத் திருநாளுக்கு உன்னைப் பார்க்க வந்தோமே, தெரிந்ததா? மெழுகுவத்தி ஏற்றிவிட்டு அண்ணி வெகுநேரம் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டெல்லா, இந்த மண்ணுலயும் அதுக இருக்குமா?"

"இருக்கும் அண்ணி" என்றேன்.

"அப்ப அவுக தனியா இல்ல" என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

நீ இங்கே விட்டுவிட்டுப் போனவரும் தனியாக இருக்க மாட்டார். விடுப்பு முடிந்து கல்லூரிக்குத் திரும்பினாலும், ஒவ்வொரு சனிக்கிழமையும் புதுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறிவிடுவேன். இது சத்தியம்.

உன் கூடப் பிறந்தவள்,
ஸ்டெல்லா