திருப்பிக் கொடுக்க முடியாத நன்றி

உன் நீல ஸ்வெட்டர் இப்போது என் மடியில் இருக்கிறது. உன் ராஜகீழ்ப்பாக்கம் வீட்டைக் காலி செய்கிறேன் என்று நாவலூரிலிருந்து உன் மகள் வந்திருந்தாள். "ஆன்ட்டி, அம்மா ஐசியூ டியூட்டியில போட்டுக்கிறது இது. உங்களுக்கு வேணுமா, இல்ல யாருக்காவது கொடுத்துடட்டுமா?" என்று கேட்டாள். வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் போனபிறகு முகர்ந்து பார்த்தேன். யூகலிப்டஸ் தைலமும் ஸ்பிரிட்டும் கலந்த வாசனை இன்னும் போகவில்லை. நீ போய் எட்டு மாதம் ஆகிறது.

உன் மகளுக்கு எதுவும் தெரியாது. சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன். அவள் "ஆன்ட்டி" என்று கூப்பிட்டதும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுகிறேன்.

அன்று மதியம் ஐசியூவில் நர்ஸ் டியூட்டி நம் இருவருக்கும்தான். நம் சின்ன ஆஸ்பத்திரியில் ஐசியூ என்றாலே ஆறு கட்டில்தான். மூன்றாவது கட்டிலில் அஸ்தினாபுரத்து அம்மா. சிறுநீரகக் கோளாறோடு வந்து, தேறி, மறுநாள் வார்டுக்கு மாற்றலாம் என்று டாக்டர் சொல்லியிருந்த நோயாளி. சலைன் பாட்டிலில் கலந்து சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டிய பொட்டாசியத்தை, வேறு மருந்து என்று நினைத்து நேராக நரம்பில் ஏற்றிவிட்டாய். இரண்டு மருந்தின் ஆம்பூல்களும், அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள், பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். "கை எரியுதும்மா" என்றார் அந்த அம்மா. அடுத்த நிமிடம் மானிட்டரில் கோடு கோணலானது. அரை மணி நேரம் மாற்றி மாற்றி நெஞ்சை அழுத்தினோம். திரும்பவில்லை.

மாரடைப்பு என்று எழுதினார் டாக்டர். அவரைக் குறை சொல்ல முடியாது. அவரிடம் யாரும் உண்மையைச் சொல்லவில்லை. நீ டிரேயில் கிடந்த காலி ஆம்பூலைப் பார்த்தபடி நின்றாய். உன் கண் போன இடத்தைப் பார்த்து எனக்கும் புரிந்துவிட்டது. நான்தான் அதை எடுத்துக் கழிவுப் பெட்டியில் போட்டேன். "வாயைத் திறக்காதே" என்று உன் காதில் சொன்னதும் நான்தான்.

வெளியே அந்த அம்மாவின் மகள் உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். அழுதுகொண்டே எழுந்து வந்து உன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "சிஸ்டர், பதினோரு நாளா பெத்த பொண்ணு மாதிரி பாத்துக்கிட்டீங்க. உங்களை மறக்கவே மாட்டேன்" என்றாள். நீ கையை உருவிக்கொள்ளவும் இல்லை. அவளைத் தேற்றவும் இல்லை. கையை அவளிடமே விட்டுவிட்டவள் மாதிரி நின்றாய்.

அந்த வருடம் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக் காலத்தில் நம் சபைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் வேதபாடம் என் பொறுப்பு. ஆயர் கொடுத்த தலைப்பு, விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல். வீட்டில் எழுதிப் பார்த்துப் படித்துக்கொண்டு வந்திருந்தேன். நீதிமானாக்கப்படுவது என்பது கோர்ட் வார்த்தை என்றேன். நாம் நல்லவர்களாக மாறிய பிறகு கொடுக்கிற சான்றிதழ் இல்லை அது. குற்றவாளி குற்றவாளியாகவே கூண்டில் நிற்கும்போது, கிறிஸ்துவின் நீதியைப் பார்த்து, இவள் நீதியுள்ளவள் என்று நியாயாதிபதி தீர்ப்புச் சொல்கிறார். நாம் செய்ய வேண்டியது அதை நம்பி ஏற்றுக்கொள்வது ஒன்றுதான். நல்ல செயல்கள் பிறகு கனியாக வரும். அவற்றைக் காட்டித் தீர்ப்பை வாங்க முடியாது. எல்லோரும் தலையாட்டினார்கள். நீ மட்டும் கடைசி வரிசையில் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாய்.

முடிந்ததும் கோயில் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாய்.

"அவர் என்னை நீதிமான்னு சொல்லிட்டாரு. சரி. அது அந்தப் பொண்ணுக்குத் தெரியுமா?"

"அவளுக்கு எதுக்குத் தெரியணும்? உனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல உள்ளது அது."

"நடுவுல அவ அம்மா கெடக்காங்களேடி." இன்னொரு செருப்பையும் மாட்டினாய். "தண்டனையப் பத்திக் கேக்கல. அதை அவர் வாங்கிக்கிட்டாருன்னு நம்பறேன். அந்தப் பொண்ணு என் கையப் புடிச்சு நன்றி சொன்னாளே, அதை எப்படித் திருப்பிக் கொடுக்கிறது?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, "அவர் செஞ்சு முடிச்சதுக்கு மேல நீ ஏதாவது செய்யப் பாத்தா, அவர் செஞ்சது பத்தலைன்னு சொல்ற மாதிரி ஆகும். அது அவிசுவாசம்" என்றேன். பாடத்தில் நான் சொன்னதில் தவறு எதுவும் இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். வாசலில் அதையே உன் வாயில் துணியாகத் திணித்தேன்.

அதன்பிறகு நீ மாறிப்போனாய். வெள்ளிதோறும் பட்டினி. லீவு நாளில் தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த முதியோர் இல்லத்துக்குப் போய்ப் படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போட்டாய். கிறிஸ்துமஸுக்குப் புதுப்புடவை எடுப்பதை நிறுத்தினாய். எல்லோரும் உன்னைப் புகழ்ந்தார்கள். ஆனால் திருவிருந்துக்கு, அப்பமும் ரசமும் வாங்க, வரிசை எழும்போது நீ மெல்ல வெளியே போய், வேப்பமரத்தடியில் யாருடைய ஸ்கூட்டர் மீதாவது சாய்ந்து நிற்பாய். அதை நான் மட்டும்தான் கவனித்தேன். கூப்பிடவில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் போன் செய்தாய். "அஸ்தினாபுரம் போறேன். நீ வரியா?" பதறிக்கொண்டு வந்தேன். ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி, ஆஸ்பத்திரி ஃபைலில் இருந்து குறித்து வைத்திருந்த முகவரியைத் தேடி நடந்தோம். மாடி வீடு. கீழே 'பிளவுஸ் தைக்கப்படும்' என்ற பலகை. ஜன்னல் வழியே தெரிந்தது, அந்தப் பெண் தையல் மெஷினில் குனிந்திருந்தது. நீ தெருவைக் கடக்கக் காலை எடுத்து வைத்தாய். உன் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"வேணாம்டி. விசுவாசிச்சா போதும். நம்பு."

"விடு."

"நீ உள்ள போனா நானும்தான் மாட்டுவேன். ஆம்பூலைப் போட்டது நான். என் வேலை போயிடும். எம்பையன் காலேஜ் சேர்ற நேரம்."

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? இதுக்கு ஏன் ஆண்டவரை இழுத்தே?"

அவ்வளவுதான். திரும்பி பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தாய். எனக்காகத் திரும்பினாய். பிறகு ஒருநாளும் அந்தத் தெருவைப் பற்றிப் பேசவில்லை. நானும் நிம்மதியாக இருந்தேன். ஆமாம், நிம்மதியாகத்தான் இருந்தேன்.

ஐந்து வருடம் கழித்து உன் கண் மஞ்சளானது. கணையத்தில் கட்டி. நாமே எத்தனை பேருக்குப் பார்த்திருக்கிறோம்; எத்தனை நாள் என்று உனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடைசி வாரத்தில் ஒரு மதியம், உன் மகள் மருந்து வாங்கப் போயிருந்தாள். உன் உதட்டை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தேன். நீ கண்ணைத் திறந்தாய்.

"நம்பறேன்டி. நெஜமாவே நம்பறேன். ஆனா ஆறல. ரெண்டும் ஒண்ணா இருக்கலாமா?"

முப்பது வருடமாகப் பாடம் எடுத்தவள் நான். இருக்கலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். மன்னிப்புக் கிடைத்த பிறகும் மனசு ஆறாமல் இருக்கலாம், அதனால் தீர்ப்பு மாறிவிடாது என்றாவது சொல்லியிருக்க வேண்டும். எந்த வசனத்தை எடுத்தாலும் அது என் வாயில் பொய்யாகிவிடும் போலிருந்தது. பஞ்சைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டே இருந்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். இரண்டு நாளில் போய்விட்டாய்.

அடக்க ஆராதனையில் ஆயர், உன் நற்செயல்களை வரிசையாகச் சொன்னார். முதியோர் இல்லம், உபவாசம், எளிமை. முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. யாருக்கு என்ன சொல்லிக் கத்துவது?

ஒரு மாதம் கழித்து நான் மட்டும் அஸ்தினாபுரம் போனேன். பலகை அப்படியே இருந்தது. அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பிளவுஸ் தைக்கக் கொடுக்க வந்தவள் என்று நினைத்து அளவு டேப்பை எடுத்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நீ செய்தது, நான் மறைத்தது, இதே தெருவில் உன் கையைப் பிடித்து இழுத்தது. மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அம்மாவுக்கு வலிச்சுதா?"

"கை எரியுதுன்னு சொன்னாங்க. ஒரு நிமிஷம்."

அவள் வெகுநேரம் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்த சிஸ்டரை நான் விளக்கேத்தறப்ப எல்லாம் நெனச்சுக்கிட்டிருந்தேன். நாங்க வேற சாமி கும்பிடறவங்க, ஆனாலும் நெனச்சுக்குவேன். இப்ப அவங்களும் இல்லைன்றீங்க. நான் யார் மேல கோவப்படறது?" என்றாள்.

"எம்மேல. கம்ப்ளெயின்ட் கொடுக்கறதுன்னாலும் கொடும்மா. எழுதித் தரேன்."

"மன்னிச்சேன்னு சொல்லணுமா?"

"வேணாம்மா."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

தெரியவில்லை என்றேன். நம்பர் எழுதி வைக்கச் சொன்னாள். யோசிப்பதாகச் சொன்னாள். போகச் சொன்னாள்.

போலீஸ் வரவில்லை. அவள்தான் போன் செய்கிறாள். பத்து நாளுக்கு ஒருமுறை, இருபது நாளுக்கு ஒருமுறை. வணக்கம் கிடையாது. அந்த நாளைப் பற்றி ஒரு கேள்வி கேட்பாள். "சாப்பிட்டாங்களா அன்னைக்கு?" "என்னைக் கேட்டாங்களா?" தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்பேன். உடனே வைத்துவிடுவாள். வேதபாடம் எடுப்பதை நிறுத்திவிட்டேன். ஆராதனையிலும் போனை அணைப்பதில்லை, மடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் முறைக்கிறார்கள்.

நேற்று சாயங்காலம் போன் வந்தது. "உங்க ஃப்ரெண்டு நல்லவங்களா?" என்று கேட்டாள்.

பத்து பதில் இருந்தது. "எனக்குச் சொல்லத் தெரியலம்மா. ஆண்டவர் அவளை விட்டுட மாட்டார்னு நம்பறேன். அது அவ நல்லவன்றதால இல்ல" என்றேன்.

இந்த முறை அவள் உடனே போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் தெருவில் ஏதோ வண்டி ஹாரன் அடித்துப் போனது. பிறகு தையல் மெஷின் மறுபடி ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது. போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு மறந்துவிட்டாளா, வேண்டுமென்றே விட்டு வைத்தாளா, எனக்குத் தெரியாது. சார்ஜ் தீரும் வரைக்கும் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.