ஒரு மணி ஐந்து நிமிடத் தூரம்

அன்புள்ள அக்கா,

இதை யாருக்கும் காட்டாதே, உன்னோடு தங்கியிருக்கும் நர்ஸ் அக்காவுக்குக்கூட. படித்ததும் கிழித்துவிடு. பார்சலில் மேலாக இருக்கும் கடிதம் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியது. இங்கே எல்லோரும் சுகம், நீ நன்றாக இருந்தால் அதுவே போதும் என்று இருக்கும். நம்பாதே. அதனால்தான் இந்தக் காகிதத்தைத் தனியாக எழுதி, அம்மா உனக்குத் தைத்த சட்டையின் பைக்குள் மடித்து வைக்கிறேன்.

அம்மாவுக்கு வலது கண்ணில் பார்வை போய் இரண்டு மாதமாகிறது. உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டாள். இப்போது இடது கண்ணிலும் திரை விழுகிற மாதிரி இருக்கிறதாம். போன வாரம் ஒரு பையனின் சீருடைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வைத்துத் தைத்துவிட்டாள். அவன் அம்மா வந்து காட்டியதும், உன் மகன் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சேட்டை பண்றானே, சட்டையும் அப்படியே இருக்கட்டும்னு வச்சேன் என்று சிரிக்கவைத்து அனுப்பினாள். அப்புறம் விளக்கைப் போடாமல் மெஷின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். பார்வை நிலைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் அப்பாவிடம் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அம்மாவோ, கட்டுப் பிரிச்சதும் முதல்ல உன் மூஞ்சியப் பாக்கணும்னு என் தலையெழுத்து என்று என்னைக் கிண்டல் செய்கிறாள். ஆனால் தினமும் உன் போட்டோவை ஒரு சாண் தூரத்தில் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். நேற்று என்னிடம், இவ இதுல சிரிக்கிறாளா, சும்மா நிக்கிறாளா என்று கேட்டாள். சிரிக்கிறாய் என்றேன்.

உன்னைக் கூப்பிடலாமே என்றால், அப்பா காலை உடைச்சுக்கிட்டப்ப ஓடி வந்து அவளுக்கு ஒரு வேலை போச்சு, என் கண்ணால இன்னொண்ணும் போகணுமா, அவ இருக்கிறது என்ன பக்கத்து வீடா என்கிறாள். பஸ், ரயில், மறுபடி பஸ் என்று மலையைச் சுற்றி நீ போன ஒன்றரை நாள்தான் அவளுக்குத் தூரம். நான் அவளுடைய டேப்பை வைத்தே அட்லஸில் அளந்தேன் அக்கா, நேராகப் போனால் நானூறு கிலோமீட்டர்தான் வருகிறது. விமானத்தில் எவ்வளவு நேரமாகும் என்று சும்மா கேட்பதுபோல் அப்பாவிடம் கேட்டேன். தினம் அந்தக் குட்டி விமானத்தில் பெட்டி ஏற்றுகிறவருக்குத் தெரியாதா, ஒரு மணி அஞ்சு நிமிஷம், காத்து எதுத்தா இன்னும் பத்து என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் வேலைக்குக் கிளம்பிவிட்டார். நான் பல் தேய்க்கும்போது நம் மொட்டைமாடிக்கு மேலே உறுமிக்கொண்டு போகிறதே, அதேதான். பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடிப்பதற்குள் உன் ஊரில் இறங்கி, சாயங்காலம் திரும்பி வந்துவிடுகிறது. இந்தப் பார்சலும் நாளைக் காலை அதில்தான் வருகிறது. ஒரு சட்டை வருகிற தூரம் உனக்கு மட்டும் எப்படி வர முடியாத தூரமாகும்?

வியாழக்கிழமை சாயங்காலம் வந்துவிடு. உன் வேலை என்னாகும் என்று நினைத்தால் எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. நான் சொன்னேன் என்று மட்டும் சொல்லாதே, ஏதோ கனவு கண்டு வந்ததாகச் சொல்லு. ஆசீர்வாதமும் வேளைக்குச் சாப்பிடு என்பதும் அம்மாவின் கடிதத்திலேயே இருக்கின்றன. நான் ஞாபகப்படுத்துவது ஒன்றுதான். இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வா. மஞ்சள் துணியை அம்மாவே தேடி எடுத்தாள், அந்த நிறம்தான் இப்போது அவளுக்குக் கொஞ்சம் தெரிகிறது. வந்ததும் அவள் எதிரில் ஜன்னல் பக்கமாக நின்று சிரி. போட்டோவில் நீ சிரிக்கவில்லை அக்கா, நான்தான் அம்மாவிடம்

கதவைத் தட்டுகிறார்கள்