வெட்டத் தாங்கும் உடம்புக்குத் தைக்க உத்தரவு வேண்டி

அனுப்புநர்:
மா. கிருஷ்ணவேணி, க/பெ. மாயகிருஷ்ணன் கோனார்,
ஓடைக்கரைப்பட்டி, விளாத்திகுளம் வழி,
கோவில்பட்டி தாலுகா.
(தற்போது கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரி ஆண்கள் வார்டில் கணவருக்குத் துணையாக இருப்பவள்)

பெறுநர்:
ஜில்லா கலெக்டர் அவர்கள்,
திருநெல்வேலி.

விஷயம்: ரத்த ஓட்டம் குறைந்துவிட்ட என் கணவரின் வலது காலை எடுக்காமல், வேறு ரத்தக்குழாய் வைத்துத் தைக்கும் ஆபரேஷனுக்காக அவரைச் சென்னைக்கு அனுப்பக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். மனு எழுதுகிறவரைத் தேடிப் போக ஆஸ்பத்திரியை விட்டு நகர முடியாததால் நானே எழுதுகிறேன். எழுத்தில் மரியாதை குறைந்திருந்தால் மன்னிக்கவும். மனதில் குறையவில்லை.

2. என் கணவர் ஆடு மேய்ப்பவர். அறுவடையான புன்செய்க் காடுகளில் எருவுக்காக ஆட்டுக் கிடை போட்டுப் பிழைக்கிறோம். சென்ற மாசியிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தாலே அவருக்குக் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது. நின்றால் விடும், நடந்தால் பிடிக்கும். ஆடு நொண்டினால் காய்ச்சிய கம்பியால் காலில் சூடு போடுவது எங்கள் வழக்கம். அவரும் தன் காலுக்குத் தானே போட்டுக்கொண்டார். பாதத்தில் கம்பி பட்டது சரியாகத் தெரியக்கூட இல்லை என்றார். அந்தப் புண் ஆறவே இல்லை. இப்போது பெருவிரல் கறுத்துவிட்டது. பீடியால் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது என்று இங்குள்ள டாக்டர்கள் சொன்னார்கள். பீடியை அன்றே விட்டுவிட்டார்.

3. சென்ற மாதம் சென்னையிலிருந்து வந்திருந்த சர்ஜன் ஐயா படம் எடுத்துப் பார்த்தார். அடைப்பு தொடையில்தான், அதற்குக் கீழே குழாய் திறந்திருக்கிறது, தோலுக்கு அடியில் ஓடும் ஒரு சிரையை எடுத்து அடைப்பைச் சுற்றித் தைத்தால் கால் பிழைக்கலாம் என்றார். வாய்க்கால் தூர்ந்தால் பக்கத்தில் வெட்டித் தண்ணீரைத் திருப்புவது போல என்று எனக்குப் புரியும்படி சொன்னார். கண்டிப்பாகப் பிழைக்கும் என்று சொல்லவில்லை, முயன்று பார்க்கலாம் என்றார். எனக்கு அது போதும்.

4. இங்குள்ள பெரிய டாக்டர் அனுப்ப மறுக்கிறார். மெலிந்த உடம்பு, இருதயமும் பலவீனம், பல மணி நேர ஆபரேஷன் தாங்காது, ரயிலிலேயே ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்கிறார். நியாயந்தான். ஆனால் அவரே வருகிற வியாழக்கிழமை முழங்காலுக்கு மேலே காலை எடுக்க நாள் குறித்திருக்கிறார். அது சீக்கிரம் முடிந்துவிடுமாம். ஐயா, எனக்கு இது விளங்கவே இல்லை. வெட்டத் தாங்கும் உடம்பு தைக்கத் தாங்காதா? உடம்பைத் தேற்றிக்கொண்டு வா, பிறகு பார்க்கலாம் என்றும் சொல்கிறார்கள். இந்த ஐப்பசியும் பொய்த்துவிட்டது. கம்மங்கூழுக்கே வழியில்லாத வீட்டில் எதைப் போட்டுத் தேற்ற? அதுவரை கால் காத்திருக்குமா?

5. கட்டைக்கால் செய்து தருகிறோம் என்கிறார்கள். தாங்கள் எங்கள் பக்கம் மழைக்காலத்தில் காம்ப் வந்திருந்தால் தெரிந்திருக்கும். ஒரு மழை பெய்தால் கரிசல் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். கோடையில் பாதம் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். அந்தக் காட்டில் கட்டைக்காலோடு ஆட்டின் பின்னால் எப்படிப் போவார்? இடது காலும் சில்லிட ஆரம்பித்திருக்கிறது என்று அவர்களே சொல்கிறார்கள். நாளைக்கு அதையும் எடுப்பார்களா?

6. சம்மதக் கையெழுத்துக்கு என் கணவரைக் கேட்டார்கள். “எங்க வீட்டுக்காரி போட்டா நானும் போடுதேன்” என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எல்லாரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். என் நாத்தனார் அழகுத்தாய் வார்டில் அத்தனை பேர் முன்னாலும், “எங்க அண்ணனக் கொல்லப் பாக்குதியளா மதினி?” என்று கேட்டுவிட்டாள். புண்ணின் விஷம் மேலே ஏறும் என்பது எனக்கும் தெரியும், நான் விவரம் கெட்டவள் அல்ல. போட்டால் கால் போகும், போடாவிட்டால் ஆளே போவார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவராக இருக்கிறது.

7. ஆகவே, வியாழக்கிழமைக்கு முன் அவரைச் சென்னை சர்ஜனிடம் அனுப்ப உத்தரவிட வேண்டுகிறேன். வழியில் எது நடந்தாலும் நானே பொறுப்பு என்று எழுதித் தருகிறேன். ரத்தம் தேவைப்பட்டால் என்னிடம் எடுத்துக்கொள்ளட்டும். மனுவைக் கொண்டுவரும் என் தம்பி தவசி, தாங்கள் பதில் சொல்லும்வரை அங்கேயே காத்திருப்பான்.

8. நேற்று வரை, “கால எடுக்க விட்டுராதட்டி” என்று என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவர், இன்று காலை, “ஏட்டி, கையெழுத்தப் போட்டுரு, வலி தாங்க முடியல” என்று அழுதார். கல்யாணமான நாள் முதல் அவர் அழுது நான் பார்த்ததில்லை. காதில் விழாதது போல் செம்பை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டேன். இன்னொரு தரம் கேட்டால் நான் போட்டுவிடுவேன், ஐயா. அதற்குள் தங்கள் உத்தரவு வரவேண்டும்.

இடம்: ஆஸ்பத்திரி ஆண்கள் வார்டு வாசல்
தேதி: 14-11-1966

இங்ஙனம், தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
மா. கிருஷ்ணவேணி