முப்பத்திரண்டு என்று சொல்லவில்லை

12, திங்கள்

நல்ல வெயில். ஏ.சி. ஒன்று படுத்துவிட்டது. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மெஷின் ரூம் அடுப்படி மாதிரி.

பொறுப்பாளர் பதவி ரெஜினாவுக்கு. போர்டில் ஒட்டிவிட்டார்கள். அவள் சேர்ந்து நாலு வருஷம், நான் பத்தொன்பது. எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். வயிறு எரிகிறது, வேறென்ன.

பேகம்பூர் வீட்டிலிருந்து பிரியாணி கொண்டுவந்தாள். "அண்ணே, மொதத் தட்டு ஒங்களுக்குத்தான்." ருசியாக வேறு இருந்தது. அதுவும் எரிச்சல்.

வாங்க: மிளகு, மோட்டார் பெல்ட், நெஞ்செரிச்சல் மாத்திரை.

13, செவ்வாய்

புது மெஷின் வந்து ஒரு வாரம். ஒரே கண்ணாடி இழையில் நாற்பது நிற ஒளி. நிறத்துக்கு ஒரு நம்பர், நம்பருக்கு ஓர் ஊரின் பேச்சு. பழைய மெஷின் எண்ணிய திசைக்கு நேர் எதிராகப் புதுசு எண்ணுகிறது. பழைய ஒன்பது இதில் முப்பத்திரண்டு. நாற்பத்தொன்றில் கழிக்க வேண்டும். விளக்கப் புத்தகத்தில் கடைசிப் பக்கம். நான் படித்தேன், அவள் படிக்கவில்லை.

நாளைய வேலைத்தாள் அவள் எழுதியது: காலியாகக் கிடக்கும் ஒன்பதாம் நம்பர் கார்டை எடுத்துவிட்டு, புதுக் கார்டு போட்டுப் புது இணைப்பு. பழைய ரிஜிஸ்டரைப் பார்த்து எழுதியிருக்கிறாள். புது மெஷினில் ஒன்பது காலி இல்லை, சிறுமலை. மலை முழுக்கப் போன் அதில்தான்.

சொல்லவில்லை. பெரிய அதிகாரி நாளை வருகிறார். பார்க்கட்டும்.

14, புதன்

காலை ஐந்தரை. தூறல்.

எங்கள் வழக்கம்: ஒருவர் நம்பரைச் சொல்ல, இன்னொருவர் சரிபார்த்துத் திருப்பிச் சொன்ன பிறகுதான் மெஷினில் கை வைப்பது.

"ஒம்பது. சரிதானேண்ணே?"

"ஒம்பது."

கார்டை மாற்றினாள். கொஞ்ச நேரத்தில் சிறுமலை டவர்கள் செத்துப்போயின. ஒன்பது காலி என்று ரிஜிஸ்டர் சொல்வதால் அதை யாரும் சந்தேகப்படவில்லை. "மலைப்பாதையில தோண்டுறாய்ங்கள்ல, கேபிள வெட்டிப்புட்டாய்ங்க," என்று அதிகாரி ஒரு வண்டியை ஆட்களோடு மலைக்கு விரட்டினார்.

வெளியே டீக்கடையில் ஒருத்தர்: "மச்சான் வாழைத்தார் ஏத்துனானா இல்லையான்னே தெரியல. அம்புட்டு போனும் அவுட்டு."

டீ குடித்தேன். நிதானமாக.

எட்டு மணிக்கு உள்ளே போனேன். பழைய கார்டை ஒன்பதில் செருகினேன், புதியதை முப்பத்திரண்டுக்கு மாற்றினேன். மலை பேச ஆரம்பித்தது. நாலே நிமிஷம். வேலைத்தாளில் ஒன்பது தப்பு என்று காட்டினேன். அதிகாரி என் தோளில் தட்டினார். "யாரும்மா இந்த வேலைத்தாள எழுதுனது?" ரெஜினா முகம் செத்துப்போயிற்று.

சந்தோஷமாக இருந்தது. இங்கே என்ன பொய்.

15, வியாழன்

மேகமூட்டம். பொறுப்பு எனக்கு. வீட்டில் கேசரி.

சாயங்காலம் ரெஜினா சாவியைக் கொடுத்தாள். அழவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கவா? நாங்கல்லாம் கோளாறு மலையிலதான்னு இருந்தோம். நீங்க ரிஜிஸ்டரப் பாக்கல, மீட்டர எடுக்கல. நேரா ஒம்பதுக்குப் போனீங்களே, எப்புடி?"

"அனுபவம்மா."

"ம். நான் கேட்டப்ப ஒம்பதுன்னு சொன்னீங்களே, அப்பவும் அந்த அனுபவம் இருந்துச்சுல்ல?"

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. யாரிடமும் சொல்லவும் மாட்டாள், அவள் குணம் அப்படி.

கேசரியை அப்படியே மூடி வைத்தேன்.

சனிக்கிழமை அடுத்த வேலை. நம்பரை நான் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்லப்போவது ரெஜினா.