முத்திரையில்லாத சேவல்

எல்டோரா, அயோவா
ஜூலை 11, 1988

அன்புள்ள கோர்டன் அண்ணாவுக்கு,

அலாஸ்காவில் நீ மீனோடு மீனாக நலமாக இருப்பாய் என்று நம்பும் தங்கை ஹெட்டி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். என் வாலுக்குத்தான் கொஞ்சம் அடி.

பழைய பெட்ரோல் பம்பின் தலையில் விளக்காக உட்காரும் வெள்ளைக் கண்ணாடிக் குளோப் ஒன்று கொட்டகையில் வெறுமையாகக் கிடந்ததே, அதில் ஒரு சேவலை வரைந்து சூளையில் சுட்டேன். ‘கொக்கரக்கோ ஆயில்’. உலகத்திலேயே இல்லாத கம்பெனி. சேவலுக்கு மூக்குக்கண்ணாடி வேறு, பழைய குளோப்களுக்குப் பட்டியல் போடும் நம் ஆர்லோ ஸ்வென்சனுடையது மாதிரியே. அப்பா தான் செய்யும் பழைய குளோப் நகல்களை யாரும் அசலென்று விற்காதபடி கழுத்துக்குள்ளே ‘புதியது’ என்று ஆண்டோடு முத்திரை சுடுவாரே, அதை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். கோழி இல்லை, போலி என்று பிறகு சொல்லிச் சிரிக்கலாம் என்பது திட்டம்.

சனிக்கிழமை சேகரிப்பாளர் சந்தையில் அதை நைசாக நம் மேசையில் வைத்தேன். ஆர்லோவுக்குக் கண் கலங்கிவிட்டது. “எங்கப்பா இந்த பங்க்லதான் பெட்ரோல் போடுவாரு! இந்தக் கண்ணாடி போட்ட சேவல மறக்க முடியுமா?” என்றார். நான் சிரிப்பை அடக்கச் சோளக்கதிரைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அவர் அச்சுக்குப் போகும் தன் பட்டியலை எடுத்து ‘அசல்’ என்று எழுதிவிட்டு, “நீ என்னப்பா சொல்ற?” என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா கவிழ்த்துப் பார்த்தார். (சாப்பாட்டுத் தட்டையே கவிழ்த்துப் பார்க்கிற மனுஷன்.) “முத்திரை இல்ல. என் பட்டறையில முத்திரை இல்லாம ஒண்ணும் வெளிய போகாது” என்றார். பக்கத்து மேசைக்காரர் விடவில்லை. “ஏன், உன் மகன் முத்திரையத் தேய்ச்சு அசல்னு வித்தானே, அது எந்தப் பட்டறை?”

அப்பா குளோப்பை மெதுவாகக் கீழே வைத்தார். எனக்குச் சிரிப்பு செத்துவிட்டது. “நான்தான் செஞ்சேன்!” என்று கத்திவிட்டேன்.

ஆர்லோ தன் கண்ணாடியைக் கழற்றிச் சேவலுடையதோடு ஒப்பிட்டுப் பார்த்தார். “அப்போ எங்கப்பா எங்கதான் பெட்ரோல் போட்டாரு?” எல்லோரும் சிரித்தார்கள், கடைசியில் அவரும். பட்டியலில் எழுதிய ‘அசலை’ அடித்துவிட்டார்.

வண்டியில் அப்பா ஒன்றுதான் சொன்னார்: “நீயா சொன்ன பாரு, அது போதும்.” அதை எனக்கு மட்டும் சொன்னதாகத் தோன்றவில்லை.

நீ விற்ற குளோப்பை அவர் எப்போதோ திரும்ப வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறார், தெரியுமா? தேய்த்த இடம் அப்படியே இருக்கிறது. நான் முத்திரை சுட்டுத் தரட்டுமா என்று நேற்றுக் கேட்டேன். “வேணாம். அவன் வந்து சுடட்டும்” என்றார்.

சூளையை எப்படி மூட்டுவது என்று மறந்திருந்தால் நான் சொல்லித் தருகிறேன், அண்ணா.

கவிழ்த்துப் பார்த்தாலும் அசலான அன்புடன்,
ஹெட்டி