சனாவுக்குப் போடாத ஊசி

அன்புள்ள ரஃபீக் அண்ணா,

நீ உன் மகளுக்குத் தட்டம்மை ஊசி போடவில்லை. ஆம்பூரில் தெருத் தெருவாக நின்று ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் போடச் சொன்னவன், உன் பிள்ளைக்குப் போடவில்லை.

லாரியில் அடிபட்டுச் செத்தவனைப் பற்றி, எல்லோரும் படிக்கும்படி இப்படி எழுதலாமா என்பார்கள். சொல்லட்டும். சனா ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. அம்மை நுரையீரலுக்கு இறங்கிவிட்டதாம். ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள்.

நம் நாடகம் நினைவிருக்கிறதா? ஷிப்டு விடும் நேரம், தோல் பதனிடும் ஷாப் கேட் எதிரே. நான் நர்ஸ் வேஷம். நீ ஊசிக்குப் பயந்த அப்பன். கடைசியில் மனம் மாறி, இடுப்பில் இருக்கும் சனாவை என்னிடம் நீட்டுவாய். ஊசி கழற்றிய சிரிஞ்சை அவள் கையில் வைப்பேன். வீறிட்டு அழுவாள்.

"பாய் புள்ளையே போட்டுக்கிச்சு, நமக்கு இன்னாடி பயம்?" என்று மறுநாள் பெண்கள் முகாமுக்கு வருவார்கள். தினமும் அவளுக்கு ஊசி போடுவதைப் பார்த்ததால், நிஜமாகப் போட்டாயிற்றா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. முகாமுக்கு வந்த நர்ஸம்மாவுக்குக்கூட.

மும்தாஜ் அண்ணிக்குத் தெரிந்திருக்கிறது. உனக்காக இத்தா இருந்து வீட்டைவிட்டு வெளியே வராதவர், இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார். "நானும் கேட்டுக்கினேதான் இருந்தேன் செல்வி. ஊசி போட்டா காய்ச்சல் வரும், நாளைக்கு ஷோ கெட்டுடும், இந்த ரவுண்டு முடியட்டும்னாரு."

ஷோவா அண்ணா? அவள் உனக்கு மகளா, நடிகையா?

நேற்று ஷாப் கேட்டுக்குப் பின்தெருவில், ஊசி போடச் சொல்லிப் போன என்னை ஒரு அக்கா வாசலிலேயே மறித்தார். "வாம்மா, டூப்ளிகேட் நர்ஸு! தெனம் ஊசி போட்டுக்கின புள்ளைக்கே அம்மை வந்துடுச்சு. எங்களுதுக்குப் போட்டு இன்னா ஆவப்போவுது?" கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே இரட்டைக் குழந்தைகள். இரண்டுக்கும் ஊசி போடவில்லை. அந்தத் தெருவில் அம்மை வராத வீடு கம்மி.

அவருக்கு என்னிடம் பதில் இருந்தது. சனாவுக்குப் போடவே இல்லை என்று சொன்னால் கதவு திறந்திருக்கும். ஆனால் அண்ணி முன்தினமே என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் செல்வி. அவரு பேரு ஒண்ணுதான் எனக்கு மிச்சம். பெத்தவ நீ இன்னா பண்ணிக்கினு இருந்தன்னு என்னையும் கேப்பாங்க."

கேட்பார்கள். உன்னை விட்டுவிட்டு அவரைத்தான் கேட்பார்கள். அதற்கும் சேர்த்துத்தான் உன் மேல் கோபம்.

நாளை சாயங்காலம் ஷிப்டு விடும்போது அதே இடத்தில் நிற்பேன். வேஷம் கிடையாது. உன் பெயரைச் சொல்லி, நீ செய்ததைச் சொல்வேன். அந்த இரட்டைக் குழந்தைகளின் அம்மா கேட்கும்வரை சொல்வேன். இது சத்தியம்.

அண்ணியிடம் மட்டும் நான் சொல்ல முடியாது. நீ சொல். "தப்பு என்னுது மும்தாஜ், செல்விய பேச விடு" என்று ஒரு வார்த்தை. வராந்தாவில்தான் இருக்கிறார். வந்து சொல் அண்ணா.

உன் கூடப் பிறக்காத தங்கை,
செல்வி