ரோஸ்மேரியைத் தேடினால் நான் வரணும்

1999 ஜூன் 6, ஞாயிறு

விடாத மழை. முந்திரிகொத்துப் பலகாரத்துக்கு வறுத்த பயறு நமுத்துப் போச்சு.

ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் கொழுந்தன் பெண்டாட்டி ரோஸ்மேரி. என்னிடம் பலகாரம் சுடப் படித்துவிட்டுத் தனியாக வியாபாரம் போட்டவள். இப்போது கம்ப்யூட்டரில் பேஜ் வேறு. எல்லாப் பெண்களும் கேட்கச் சொன்னாள்:

"அக்கா, உலகத்தில எங்கேருந்து தேடினாலும் நானாக்கும் வருவேன். உன்னைத் தேடணும்னா பனச்சமூடு பஸ் ஸ்டாப்பில நின்னு சத்தம் போட்டு விளிக்கணும்."

சிரித்தார்கள். நானும்தான். என் சிரிப்பே சத்தம் கூடுதல்.

நாலாங்கிளாசோடு நின்றவள்தான். இருக்கட்டும். இனி அவளைத் தேடினாலும் நான் வரணும்.

ஜூன் 8, செவ்வாய்

தனுவச்சபுரம், கம்ப்யூட்டர் சென்டர். பஸ் நெரிசலில் குடைக்கம்பி ஒடிந்தது.

என் பேஜ் தயார். பேர், போன் நம்பர், கொத்தின் போட்டோ. ஆனால் தேடுகிற யந்திரங்களுக்கு நாமே எழுதிப் போட்டுக் காத்திருக்கணுமாம்.

"ஒரு ரோபோட்டு வந்து பேஜை வாசிச்சிட்டுப் போகும்," என்றார் சென்டர் நடத்துகிற ஷீலா டீச்சர்.

"வந்தா ரெண்டு கொத்து குடுக்கட்டா?"

"அதுக்குப் பல்லு கிடையாது அக்கா."

"என் கொத்தைப் பல்லில்லாமலே தின்னலாம். என் கொழுந்தன் பெண்டாட்டி சுடுறதுக்குத்தான் சுத்தியல் வேணும்."

எந்த வார்த்தை அடித்தால் நான் வரணும் என்று கேட்டார். அந்த வார்த்தைகள் பேஜில் நம் கண்ணுக்குத் தெரியாதாம், யந்திரம் மட்டும் வாசிக்குமாம். சொன்னேன்: முந்திரிகொத்து, அச்சப்பம், பாறசாலை, ரோஸ்மேரி.

"ரோஸ்மேரியா? அது என்னது?"

"அதுவும் ஒரு பலகாரமாக்கும். நிறைய தடவை போடுங்க."

ஜூலை 2, வெள்ளி

ரோபோட்டு வரவில்லை. வழி தெரியாமல் பெருங்கடவிளையில் இறங்கிவிட்டதோ என்னவோ. கால்வலி. தேங்காய் வாங்கணும்.

மீன்காரி முன்னால் ரோஸ்மேரி: "அக்கா, யாராவது தேடினாங்களா?"

"கொசு தேடுது மக்கா, நித்தமும்."

பல்லைக் கடித்ததில் கடைவாய் நோவு.

ஜூலை 20, செவ்வாய்

வந்தாச்சு! டீச்சர் ரோஸ்மேரி பேரும் முந்திரிகொத்தும் அடித்தார். முதலில் நான். அவள் நாலாவது. டீச்சருக்கு முத்தம்.

ஆனால் நானே சொன்னால் பொறாமை என்பாள். வேறு வாயிலிருந்து வரணும்.

ஜூலை 23, வெள்ளி

மஸ்கட்டிலிருந்து போன். பீனா. ரோஸ்மேரியின் மகள்!

"பெரியம்மே, ஆபீஸில அம்மைக்க பேஜைத் தேடினேன். நீங்க வந்து நிக்கிறீங்க!"

"அம்மை நாலாவதா இருக்காளே மக்கா, பாக்கலியா?"

"அது வேண்டாம். அம்மை சுடுறது கல்லு. உங்க கொத்து ஒரு பெட்டி குடுத்து விடுங்க. ஊருக்கு வந்த பக்கத்து ரூம்காரர் லீவு முடிஞ்சு இங்க வாறாரு. அம்மையிட்ட மட்டும் சொல்லிராதீங்க பெரியம்மே."

சத்தியம் செய்தேன். போனை வைத்தேன். கையில் வெடி, கொளுத்தக் கூடாதாம்.

ஜூலை 24, சனி

மழை இல்லை. இருநூறு கொத்து. பெட்டி கயிறு போட்டுக் கட்டியாச்சு. மேலே பேர் எழுதணும், இல்லாவிட்டால் ஏர்போர்ட்டில் மாறிப் போகும். மார்க்கர் பேனாவால் நானே எழுதினேன்: பீனா, மஸ்கட். நாலாங்கிளாஸ் எழுத்து, ஒவ்வொன்றும் தேங்காய் அளவு.

நாளை பெண்கள் ஜெபக்கூட்டம் நம் வீட்டில். ரோஸ்மேரி எப்போதும் உட்காருகிற நாற்காலிக்கு நேர் எதிரே பெட்டியை வைத்தேன். எழுத்து வெளியே தெரிய.

நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.